பாலில் பிறந்து தசையில் பழி சுமந்த சொல்

லக்டிக் அமிலம் என்ற சொல்லை நம்மில் பெரும்பாலானோர் இரண்டு இடங்களில் கேட்டிருப்போம். ஒன்று தயிர். பால் தயிராவது லக்டிக் அமிலத்தால் என்று விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறோம். மற்றது கால் உளைவு. விளையாட்டுப் போட்டிக்கு அடுத்த நாள் படியிறங்க முடியாமல் நொண்டும் பிள்ளைக்கு, "தசையில லக்டிக் அமிலம் சேர்ந்திட்டு, அதுதான் உளையுது" என்று யாராவது விளக்கம் சொல்லுவார்கள். தயிர்ச் சட்டியில் இருக்கும் ஒன்று மனிதனுடைய தொடையில் எப்படி வந்தது? பாலின் பெயரைத் தாங்கிய பொருளுக்குத் தசையில் என்ன வேலை?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தபோது சுமார் 240 வருடக் கதை ஒன்று கிடைத்தது. அது ஒரு இரசாயனப் பொருளின் கதை மட்டுமல்ல. ஒரு சொல் தான் பிறந்த இடத்தைத் தன்னோடு தூக்கிக்கொண்டு ஊரூராகப் போவதும், போகிற இடத்தில் செய்யாத குற்றத்துக்குப் பழி ஏற்பதுமான கதை. நம்முடைய வகுப்பறைகளிலும் கடைகளிலும் அந்தப் பழி இன்றும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் வைத்தவர்கள்

1780இல் சுவீடன் நாட்டின் ஷேப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷேலே, புளித்த பாலிலிருந்து ஒரு புளிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஒட்சிசனைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் என்று நாம் படிக்கும் அதே ஷேலேதான். அவருக்குக் கிடைத்தது சுத்தமான பொருளல்ல, கபில நிறப் பாணி போன்ற ஒன்று. பாலில் கிடைத்த புளிப்பு என்பதால் சுவீடிஷ் மொழியில் அதன் பெயரும் அப்படியே அமைந்தது: மியோல்க்சிரா. மியோல்க் என்றால் பால், சிரா என்றால் புளிப்பு. ஜெர்மானியரும் தங்கள் மொழியில் 'பால் புளிப்பு' என்றே சொன்னார்கள்.

அக்காலத்தில் பிரான்சில் இரசாயனச் சொற்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் வேலை நடந்தது. லவோசியே, கிட்டோன் த மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் 1787இல் புதிய பெயரிடல் முறையை வெளியிட்டார்கள். ஒரு பொருளின் பெயரைக் கேட்டதுமே அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். அமிலத்தின் பெயர் 'இக்' என்று முடிந்தால் அதன் உப்பு 'ஏட்' என்று முடியும். பாலுக்கு லத்தீனில் லாக், வேற்றுமை ஏற்கும்போது லாக்டிஸ். அதிலிருந்து லக்டிக் பிறந்தது. அதன் உப்பு லக்டேட். இந்த 'ஏட்' பின்னால் வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லத்தீன் லாக் என்பதன் உறவுச் சொல் கிரேக்கத்தில் கலா. வானத்தில் தெரியும் வெண்பட்டையை அவர்கள் பாலோடு ஒப்பிட்டதால்தான் கலக்சி என்ற சொல் வந்தது; நாமும் அதை மொழிபெயர்த்துப் பால்வீதி என்கிறோம். அறபிகளுக்கு அதே பட்டை வழியெல்லாம் சிந்திய வைக்கோலாகத் தெரிந்தது. அவர்கள் அதை தர்புத் தப்பானா, வைக்கோல்காரர்களின் பாதை, என்றார்கள். நம் சலாதுக் கோப்பையில் கிடக்கும் லெட்டிஸ் இலையின் பெயரும் லாக்கிலிருந்து வந்ததுதான். அதன் தண்டைக் கிள்ளினால் பால் வடியும்.

அமிலம் என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். இதன் மூலம் புளிப்பைக் குறிக்கும் வடமொழி ஆம்லம். அசிட் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குப் புளிப்பு என்றே பொருள். அறபியில் ஹம்ழ் என்பதும் புளிப்புத்தான். இத்தனை மொழிக்காரர்களும் அமிலத்தை நாக்கால்தான் முதலில் அறிந்திருக்கிறார்கள்.

லபனும் ஹலீபும்

அறபியில் இந்த அமிலத்தை ஹம்ழுல் லபன் என்பார்கள். ஹம்ழுல் லாக்டிக் என்று கடன் வாங்கியும் சொல்வதுண்டு. லபன் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனில் இது இரண்டு இடங்களில் வருகிறது: கால்நடைகளின் வயிற்றிலிருந்து தூய பால் வருவதைப் பேசும் ஸூரத்துந் நஹ்லின் 66ஆவது வசனத்திலும், சுவர்க்கத்தின் பாலாறுகளைப் பேசும் ஸூரா முஹம்மதின் 15ஆவது வசனத்திலும். மிஃராஜ் பற்றிய ஹதீஸ்களில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தேர்ந்தெடுத்ததும் லபன்தான். இங்கெல்லாம் அதன் பொருள் பால்.

ஆனால் சவூதியில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரிடம் லபன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "மோர் மாதிரி, புளிப்பா இருக்கும். வெயிலுக்குக் குடிப்பம்" என்பார். சிரியா, லெபனான் பக்கம் லபன் என்றால் தயிர். பாலுக்கு அவர்கள் ஹலீப் என்பார்கள். கறத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. எகிப்தில் இன்றும் லபன் என்றால் பால்தான். ஒரே சொல், ஓர் ஊரில் பால், இன்னோர் ஊரில் தயிர், வேறோர் ஊரில் மோர். சொல் நகரவில்லை, பாத்திரத்தில் இருந்தது புளித்துவிட்டது! லக்டிக் அமிலம் என்ற சொல் உள்ளே வைத்திருப்பதும் இதே மாற்றத்தைத்தான். புதுப் பாலில் அது அநேகமாக இல்லை. பால் பாலாக இருப்பதை விட்டுப் போகும்போதுதான் அது பிறக்கிறது.

அதைப் பிறப்பிப்பது யார் என்பதை லூயி பாஸ்டர் 1857இல் காட்டினார். பிரான்சின் லில் நகரில் இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத உயிர்களே சீனியை லக்டிக் அமிலமாக்குகின்றன என்று அவர் எடுத்துச் சொன்னார். நம் உம்மாமார் முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றும்போது செய்வது, அந்த உயிர்களைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் குடியமர்த்துவதுதான். அந்த உயிர்களுக்குப் பால் கட்டாயமல்ல, சீனி இருந்தால் போதும். புளித்த தோசை மாவிலும் உப்பிலிட்ட கோவாவிலும் லக்டிக் அமிலம் இருப்பது இதனால்தான். ஆக, பாலின் பெயரைக் கொண்ட அமிலத்துக்குப் பால் கட்டாயத் தாயல்ல. ஷேலே அதை முதலில் சந்தித்த இடம் மட்டுமே.

எலியும் கெண்டையும்

இனித் தசைக்கு வருவோம். மசில் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் முஸ்குலுஸ். பொருள், சின்ன எலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிந்ததாம். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். அறபியில் தசை அழலா. தமிழின் 'அழல்' என்ற நெருப்புக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் அதே வேரிலிருந்து வரும் அழல் என்ற சொல்லுக்குப் பழைய அறபு அகராதிகள் எலி என்றும் பொருள் தருகின்றன. தீர்க்கக் கடினமான பிரச்சினையை முஃழிலா என்பதும் இதே வேரில்தான். தமிழன் கண்ணுக்கோ எலி தெரியவில்லை, மீன் தெரிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் சதையைக் கெண்டை என்கிறோம். ஆற்று மீனுக்கும் அதே பெயர்.

தசையில் இந்த அமிலம் இருப்பதாக 1800களின் தொடக்கத்தில் அறிவித்தவரும் ஒரு சுவீடன்காரர், பெர்சீலியஸ். வேட்டையில் விரட்டிக் களைக்க வைத்துக் கொன்ற மானின் தசையில் இது அதிகம், ஓடாமல் கிடந்த விலங்கின் தசையில் குறைவு என்று அவர் கருதியதாகப் பிற்கால நூல்கள் எழுதின. 1847இல் ஜெர்மனியின் லீபிக், இறைச்சிச் சாற்றை ஆராய்ந்து தசையில் லக்டிக் அமிலம் உண்டு என்பதை உறுதி செய்தார். ஆனால் பாலில் கிடைத்ததும் இறைச்சியில் கிடைத்ததும் சில குணங்களில் ஒத்துவரவில்லை. எனவே தசையில் உள்ளதற்கு சார்கோலக்டிக் என்று தனிப்பெயர் வைத்தார்கள். சார்க்ஸ் என்றால் கிரேக்கத்தில் சதை. 'சதைப் பால் அமிலம்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அந்தப் பெயரின் விசித்திரம் விளங்கும். இரண்டும் ஒரே அணுக்களால் ஆனவை, வலக்கையும் இடக்கையும் போல அடுக்கு மட்டுமே வேறு என்பது 1870களில் விஸ்லிசேனுஸ், வான்ட் ஹொஃப் போன்றோரின் வேலையால் தெளிந்தது. தனிப்பெயர் பிறகு வழக்கொழிந்தது. பால் என்ற முதல் பெயரே தசைக்கும் நிலைத்துவிட்டது.

பழி எப்படி வந்தது?

1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹொப்கின்ஸும் தவளைத் தசைகளை வைத்து ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். தசையை அரைக்கும்போதே அதில் அமிலம் கூடிவிடுவதால் முந்தைய அளவீடுகளை நம்ப முடியாதிருந்தது. இவர்கள் தசையைப் பனிபோல் குளிர்ந்த மதுசாரத்தில் போட்டு அரைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். ஒட்சிசன் இல்லாமல் தசையை வேலை வாங்கினால் லக்டிக் அமிலம் சேர்ந்தது, தசை களைத்தது. ஒட்சிசன் கொடுத்தால் அது மறைந்தது. பிறகு மையர்ஹோஃபும் ஏ.வி. ஹில்லும் தசை வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். ஒட்சிசன் கடன் என்ற சொல்லை வழங்கியவர் ஹில். ஒட்சிசன் போதாதபோது தசை கடன் வாங்கும், கடனின் அடையாளம் லக்டிக் அமிலம் என்று கதை அழகாக அமைந்துவிட்டது.

அந்த விஞ்ஞானிகள் கண்டது, களைத்த தசையில் லக்டிக் அமிலம் இருக்கிறது என்பதை. உலகம் கேட்டுக்கொண்டதோ, லக்டிக் அமிலம்தான் தசையைக் களைக்க வைக்கிறது, அடுத்த நாளும் உளைய வைக்கிறது என்று. தீப்பிடித்த வீட்டருகே எப்போதும் நிற்பவன் தீயணைக்க வந்தவனாகவும் இருக்கலாம் அல்லவா?

இந்தத் தாவல் இவ்வளவு இலகுவாக நடந்ததற்கு ஒரு பழைய அச்சும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாலீனூஸ் என்று நம் ஹகீம்கள் அழைத்த கிரேக்க மருத்துவர் கலன், உடலுழைப்பால் வரும் களைப்பை வகை பிரித்தவர். அவருடைய நூல்கள் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் செய்த மொழிபெயர்ப்புகளால் அறபிக்கு வந்தன. 1037இல் வபாத்தான இப்னு ஸீனா தனது அல்கானூனில் இஃயா என்னும் களைப்பை முதன்மையாக மூன்றாகப் பிரிக்கிறார்: தொட்டால் புண்போல வலிப்பது, இழுத்துக் கட்டியது போலிருப்பது, வீங்கிச் சூடாக இருப்பது. முதல்வகைக்குக் காரணமாக இந்த மரபு சொன்னது, உழைப்பால் உருகிக் கலந்த கூர்மையான, அரிக்கும் கழிவுகள். அல்கானூன் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போய், ஐரோப்பியக் கல்லூரிகளில் நூற்றாண்டுகளாக ஓதப்பட்டது. உடம்பில் அரிக்கும் கழிவு தங்கினால் வலிக்கும் என்ற எண்ணம் மருத்துவர்களின் மனதில் மட்டுமல்ல, பொதுமக்கள் மனதிலும் ஊறிக் கிடந்தது. அந்த இடத்தில் புளிப்பான, அமிலம் என்றே பெயர் கொண்ட ஒரு பொருள் வந்து நின்றபோது, குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

விடுதலைச் சாட்சிகள்

முதல் சாட்சி 1930இலேயே வந்தது. டென்மார்க்கின் லுன்ஸ்கோர், ஒரு நச்சுப் பொருளால் தசையில் லக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்தார். தசை அப்போதும் சுருங்கியது, அப்போதும் களைத்தது. 1951இல் மக்ஆர்டில் என்ற மருத்துவர் ஒரு பரம்பரை நோயை விவரித்தார். அந்த நோயாளிகளின் தசை உழைக்கும்போது லக்டிக் அமிலத்தைப் பெருக்குவதில்லை. லக்டிக் அமிலமே களைப்புக்குக் காரணமென்றால் அவர்கள் களைக்காத மனிதர்களாக இருக்க வேண்டும். மாறாக, சிறிது உழைத்தாலே அவர்களுக்குத் தசைவலியும் களைப்பும் வந்துவிடுகின்றன.

அடுத்த சாட்சி மணிக்கூடு. கடுமையாக ஓடியபின் இரத்தத்தில் உயரும் லக்டேட் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். தசை உளைவோ அடுத்த நாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்கு வரும். அந்நேரம் பழிக்குரியவன் ஊரிலேயே இல்லை.

பாவாத மலைக்கு ஏறி இறங்கியவர்களுக்கு இன்னொரு சாட்சியம் சொல்லத் தேவையில்லை. 1344இல் இப்னு பதூதா ஏறிய அதே மலை. மூச்சு வாங்குவதும், லக்டேட் கூடுவதும் ஏறும்போது. ஆனால் அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்ப விடாத உளைவைத் தருவது பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதில் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைத் திருத்த உடல் செய்யும் வேலையில் வலி வருகிறது. ஓடும்போதே தோன்றும் எரிவுக்கும் தளர்ச்சிக்கும் பல பொருட்களும் நரம்புகளும் கூட்டாகப் பங்கு வகிக்கின்றன. அதுபற்றிய ஆய்வு தொடர்கிறது. ஆனால் லக்டிக் அமிலம் என்ற ஒற்றைக் குற்றவாளி இப்போது இல்லை.

அப்படியானால் அது தசையில் என்னதான் செய்கிறது? முதலில், அது அங்கே அமிலமாகவே இருப்பதில்லை. நம் இரத்தத்தின் தன்மையில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் லக்டேட்டாகவே இருக்கிறது. நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன 'ஏட்' இதுதான். தசையில் உண்டான லக்டேட்டை ஈரல் எடுத்து மீண்டும் குளுக்கோசாக்கி அனுப்புகிறது என்று கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் விளக்கினார்கள்; 1947இல் அவர்களும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1980கள் முதல் கலிபோர்னியாவின் ஜோர்ஜ் புரூக்ஸ், லக்டேட் ஒரு கழிவல்ல, உறுப்புக்கு உறுப்பு கைமாறும் எரிபொருள் என்று வாதித்து வந்தார். இன்று அது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இதயம் அதை விரும்பி எரிக்கிறது, மூளையும் பயன்படுத்துகிறது. ஓய்வாக இருக்கும்போதும் நம் இரத்தத்தில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தச் சொல்லின் இரண்டு முகங்களையும் ஒரே கட்டிலருகே காணலாம். கடுமையான கிருமித்தொற்றில் நோயாளியின் லக்டேட் அளவு லீற்றருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் டொக்டர்கள் கவலைப்படுகிறார்கள். உடல் நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அதே வாட்டில் தொங்கும் சேலைன் போத்தல் ஒன்றில் சோடியம் லக்டேட் கலந்திருக்கும். லண்டனில் சிட்னி ரிங்கர் 1880களில் உருவாக்கிய உப்புக் கரைசலில், குழந்தை மருத்துவரான அலெக்சிஸ் ஹார்ட்மன் 1932இல் லக்டேட்டைச் சேர்த்தார். காரணம், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடிய குழந்தைகளுக்கு அதைக் குறைப்பது! லக்டேட் உடலில் மாற்றமடைந்து அமிலத்தைத் தணிக்கும் பைகாபனேட்டாகிறது. அமிலம் என்று ஏசப்பட்ட பொருளின் உப்பு, அமிலத்துக்கே மருந்தாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கடையிலும் வகுப்பிலும்

இனி நமக்கு இதனால் என்ன? இரண்டு காரியங்கள் உண்டு.

உணவுப் பொதிகளில் ஈ 270 என்று இருந்தால் அது லக்டிக் அமிலம். ஈ 325, 326, 327 அதன் உப்புகள். ஈ எண்களைக் கண்டால் தயங்கி நிற்பது நம் சமூகத்தின் வழக்கம். ஹலாலைப் பேணும் அந்தக் கவனம் நல்லதுதான். ஆனால் லக்டிக் அமிலம் தசையிலும் இருக்கிறது என்று எங்கோ படித்தவர், "அப்ப இது எந்த மிருகத்திட இறைச்சியில எடுக்கிற?" என்று கேட்கிறார். பால் ஒத்துவராத பிள்ளையின் தாய் பெயரைப் பார்த்தே பொதியைத் திருப்பி வைக்கிறார். 1880களில் அமெரிக்காவில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய இந்தப் பொருள், இன்று பெரும்பாலும் சோளம், கரும்பு, பீட் ஆகியவற்றின் சீனியை நுண்ணுயிர்களால் நொதிக்க வைத்தே செய்யப்படுகிறது. இறைச்சியிலிருந்து எடுப்பதல்ல. பெயரில் பால் இருப்பதால் பாலிலிருந்து வந்ததென்றும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட உற்பத்தியின் ஹலால் தீர்ப்பு உலமாக்களுடையது. அதற்கு முழுச் செயன்முறையையும் பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகம் சொல்லிலிருந்து மட்டும் பிறந்திருந்தால், சொல்லின் வரலாறே அதற்குப் பதில் சொல்லிவிடும்.

மற்றது வகுப்பறை. நாம் லக்டிக், லக்ரிக், லாக்டிக், இலற்றிக் என்று பலவாறாக எழுதுகிறோம். எழுத்துக்கூட்டல் பற்றி வாதிடுவோருக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. நான் கேட்பது வேறு. பிள்ளைக்கு இந்தச் சொல்லைக் கொடுக்கும் ஆசிரியர், 'லாக் என்றால் பால். முதலில் புளித்த பாலில் கண்டதால் இப்படிப் பெயர்' என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். குர்ஆன் மத்ரஸாவில் லபன் என்ற சொல்லை ஏற்கெனவே ஓதிய பிள்ளைக்கு அந்த வரி இலகுவாக மனதில் தங்கும். அடுத்த வரியாக, 'தசை உளைவுக்கு இது காரணமல்ல; இது தசையின் எரிபொருள்' என்பதையும் சொல்ல வேண்டும். ஒட்சிசன் என்ற பெயரே 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற தவறான எண்ணத்தில் லவோசியே வைத்ததுதான். ஒட்சிசன் இல்லாத அமிலங்கள் உண்டென்று பின்னர் தெரிந்தும் பெயரை யாரும் மாற்றவில்லை. லக்டிக் அமிலத்தின் பெயரையும் மாற்றத் தேவையில்லை. பெயரோடு ஒட்டிக்கொண்ட பழியை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் சரி.